மேழி பிடித்த கை: உழவுக் கருவி ஓவியங்களும் ஆண்மையின் பொருளும்



மொழிக்கென நடைபெறும் இச்சொற்பொழிவு வரிசையில் ஓவியத்தைப் பற்றிப் பேசுவது ஏன் என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். இன்று நான் எடுத்துக்கொண்டவை, அமெரிக்க நாட்டின் வேளாண் பகுதிகளைப் பொருளாகக் கொண்டு 1930களில் வரையப்பெற்ற சில ஓவியங்கள். கலப்பையும் கவைக்கோலும் கதிரடிக்கும் களமும் அவற்றின் பொருள்கள். அக்கருவிகளின் வழியே, ஆண்மகனின் பெருமை எதில் இருக்கிறது என்னும் கேள்வியை அவ்வோவியங்கள் எழுப்புகின்றன. அதற்கு விடை தேடும்போது நம் தமிழ்ச்சொல் ஒன்று பெரிதும் துணைசெய்கிறது. ஆதலால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சொல், இரு பொருள்

ஆண்மை என்னும் சொல்லைக் கேட்டவுடன் வீரமும் உடல்வலிமையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அச்சொல்லுக்கு ஆளும் தன்மை என்னும் பொருளும் உண்டு. ஒன்றைத் தன் பொறுப்பில் வைத்துப் பேணி நடத்துவது ஆளுதல். தாளாண்மை, இல்லாண்மை, பேராண்மை, வேளாண்மை என இச்சொல் பலவாறு கிளைக்கிறது.

இவற்றுள் வேளாண்மை நம் கவனத்துக்குரியது. இன்று நாம் அதனைப் பயிர்த்தொழில் என்னும் பொருளில் வழங்குகிறோம். திருவள்ளுவரோ பயிர்த்தொழிலுக்கு உழவு என்றே பெயரிட்டு, 104ஆம் அதிகாரத்தை அதற்கென ஒதுக்கினார். வேளாண்மை என்னும் சொல்லை விருந்தோம்பலிலும் ஒப்புரவிலும் ஆள்வினையிலும் வைத்துப் பிறர்க்கு உதவும் பண்பைக் குறிக்க ஆண்டார். பேராண்மை என்பதையும் அவர் போர்க்களத்தில் மட்டும் வைக்கவில்லை. பிறன்மனையாளை நோக்காத அடக்கத்தையும் அப்பெயரால் சிறப்பித்தார்.

ஆக, நிலத்தையும் பிறரையும் அடக்கி ஆளும் ஆண்மை ஒன்று. தன்னை அடக்கிப் பிறர்க்கு உதவும் ஆண்மை மற்றொன்று. இவ்விரண்டையும் நினைவிற்கொண்டு ஓவியங்களிடம் செல்வோம்.

ஆளில்லாக் கலப்பை

கிராண்ட் வுட் என்னும் ஓவியர் 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அனமோசா என்னும் சிற்றூருக்கு அருகிலிருந்த பண்ணையில் பிறந்தார். அவருக்குப் பத்து வயதாயிருந்தபோது தந்தை மறைந்தார். குடும்பம் பண்ணையை விட்டு சீடார் ராப்பிட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அதன்பின் அவர் உழவராக வாழவில்லை. ஐரோப்பாவுக்குப் பலமுறை சென்று கலை பயின்றவர், தம் நாற்பதாம் வயதை நெருங்கும் காலத்தில் தம் மண்ணையே வரையத் தொடங்கினார்.

1931ஆம் ஆண்டு அவர் வரைந்த ஓவியம், இலையுதிர்கால உழவு என்னும் பொருள்படும் பெயருடையது. அதனைக் கண்டிராதவர்க்கும் விளங்குமாறு விவரிக்கிறேன். படத்தின் முன்னிலையில் ஓர் எஃகுக் கலப்பை நிற்கிறது. உழவர் பின்னால் நடந்துகொண்டே மேழியைப் பிடித்துச் செலுத்தும் பழைய வகைக் கலப்பை அது. கொழு மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. புரட்டப்பட்ட மண் நீண்ட சாலாக விரிந்து கிடக்கிறது. அப்பால் மக்காச்சோளத் தட்டைகள் கட்டுக்கட்டாக நிறுத்தப்பட்டுள்ளன. தொலைவில் வீடும் களஞ்சியமும் தெரிகின்றன. குதிரையைக் காணோம். உழவரையும் காணோம். மேழி மட்டும், பிடிக்கும் கையை எதிர்நோக்குவதுபோல் நிமிர்ந்து நிற்கிறது.

இவ்வோவியத்தின் பொருளை உணர அக்கால நிலைமையை அறிதல் வேண்டும். அமெரிக்கப் பண்ணைகளில் 1920இல் ஏறத்தாழ 246,000 டிராக்டர்கள் இருந்தன. 1930இல் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 920,000 ஆக உயர்ந்தது. வரிசைப் பயிர்களுக்கு இடையே ஓடவல்ல டிராக்டர் 1924 முதல் விற்பனைக்கு வந்துவிட்டது. எனவே கிராண்ட் வுட் வரைந்த கலப்பை அக்காலத்திலேயே பின்தங்கத் தொடங்கியிருந்த கருவி. அவர் தம் தந்தையின் தலைமுறைக் கருவியையே தேர்ந்தெடுத்து வரைந்தார்.

தன்னை உழவர் என்று ஒருவர் கூறிக்கொள்வதற்குச் சான்றாக இருந்தது அவர் கையில் இருந்த மேழி. சாலை வளையாமல் ஓட்டுவது திறம். கல்லில் கொழு மோதும்போது மேழியை விடாமல் பிடிப்பது வலிமை. நாள்முழுதும் குதிரையின் பின்னே நடப்பது பொறுமை. மகன் தந்தையிடமிருந்து மேழியை வாங்கும் நாளே அவன் ஆளான நாள். டிராக்டர் வந்தபோது உழுவது எளிதாயிற்று. ஆனால் அந்த அளவுகோல் கைநழுவிற்று. ஓவியர் உழவரை நீக்கிவிட்டுக் கலப்பையை மட்டும் வரைந்தபோது, அந்த இழப்பையே வரைந்தார் எனலாம்.

இவ்வோவியம் இன்று டியர் நிறுவனத்தின் தொகுப்பில் உள்ளது. 1837ஆம் ஆண்டு ஜான் டியர் என்னும் கொல்லர், மண் ஒட்டாமல் வழுக்கிச் செல்லும் எஃகுக் கலப்பையைச் செய்தமையால் உருவான நிறுவனம் அது. பின்னாளில், 1918இல், டிராக்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றை வாங்கி அதே நிறுவனம் டிராக்டர்த் தொழிலிலும் இறங்கியது. மேழியை உழவர் கைக்குக் கொடுத்ததும், பின்னர் அதனை வேண்டாததாக்கியதில் பங்குகொண்டதும், இன்று அதன் ஓவியத்தைப் பாதுகாப்பதும் ஒரே நிறுவனம்!

கவைக்கோல் ஏந்திய பல்மருத்துவர்

இந்த ஓவியத்துக்கு ஓராண்டு முன்னர், 1930இல், கிராண்ட் வுட் வரைந்த 'அமெரிக்கன் காத்திக்' என்னும் ஓவியத்தை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். கூர்முனைச் சாளரம் அமைந்த ஒரு வெள்ளை வீட்டின் முன்னே முதியவர் ஒருவரும் பெண் ஒருவரும் இறுகிய முகத்துடன் நிற்கின்றனர். முதியவர் வைக்கோல் அள்ளும் மூன்றுமுனைக் கவைக்கோலை நிமிர்த்திப் பிடித்திருக்கிறார். சிகாகோ கலைக்கழகக் கண்காட்சியில் அதற்கு வெண்கலப் பதக்கமும் 300 டாலர் பரிசும் கிடைத்தன.

அம்முதியவரின் உடையை உற்றுநோக்கினால், மார்புவரை ஏறிய உழைப்பாளர் காற்சட்டையின் தையலிலும் அக்கவைக்கோலின் வடிவமே மீண்டும் தோன்றுவதைக் காணலாம். கருவி அவர் உடலிலேயே பதிந்துவிட்டதுபோல் ஓவியர் அமைத்திருக்கிறார். உழவரின் உறுதிக்கு இதனினும் சிறந்த அடையாளம் இல்லை என்று பலர் போற்றினர்.

ஆனால் அந்த ஓவியத்துக்காக நின்றவர் உழவர் அல்லர். அவர் பைரன் மெக்கீபி என்னும் பல்மருத்துவர். ஓவியருக்குப் பற்சிகிச்சை அளித்தவர். அருகில் நிற்பவர் ஓவியரின் தங்கை நான். இருவரும் தனித்தனியே வந்து நின்றனர். அவ்வீட்டின் முன் சேர்ந்து நிற்கவே இல்லை. உலகம் உழவரின் ஆண்மைக்கு அடையாளமாகக் கொண்டாடும் உருவம், கவைக்கோலைக் கையில் வாங்கி நின்ற ஒரு நகரத்து மருத்துவருடையது.

கிராண்ட் வுட் தாமும் அவ்வுழைப்பாளர் உடையையே அணிந்து ஒளிப்படங்களில் தோன்றினார். மென்மையான இயல்புடையவர், தாயுடனும் தங்கையுடனும் நீண்டகாலம் வாழ்ந்தவர், அக்காலச் சமூகத்தில் வெளிப்படச் சொல்ல இயலாத ஓரின ஈர்ப்பு அவரிடம் இருந்தது என்பது பிற்கால ஆய்வாளர் சிலரின் கருத்து. எவ்வாறாயினும், உழவரின் உடை தமக்கு ஒரு காப்பு என்பதை அவர் அறிந்திருந்தார் எனத் தோன்றுகிறது.

அக்காப்பின் எல்லையை அவர் உணர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1930களின் பிற்பகுதியில் அவர் செய்த கல்லச்சுப் படம் ஒன்றில், பண்ணையாள் ஒருவர் நாளிறுதியில் குதிரைத் தண்ணீர்த்தொட்டியின் அருகே ஆடையின்றி நின்று வாளிநீரைத் தம்மேல் ஊற்றிக்கொள்கிறார். அஞ்சல் துறை அதனை ஆபாசமெனக் கருதி அஞ்சலில் அனுப்ப மறுத்தது. அதே காட்சியை வண்ணத்திலும் வரைந்திருந்த ஓவியர், ஆடவர் நின்ற பகுதியை அறுத்து நீக்கிவிட்டார். கருவி ஏந்திய ஆணை மதித்த சமூகம், கருவியைக் கீழே வைத்துவிட்டுக் களைப்பாறிய ஆணின் உடலைக் காணக் கூசியது. ஆண்மை என்று அது போற்றியது கருவியையும் உடையையும்தானோ என்று நாம் வினவ வேண்டியிருக்கிறது.

கதிரடிப்போர் விருந்து

கிராண்ட் வுட் 1934இல் வரைந்த மற்றோர் ஓவியம் இக்கேள்விக்கு வேறொரு விடை தருகிறது. கதிரடிப்போரின் உணவு என்பது அதன் பொருள். வீட்டின் முன்சுவரை நீக்கிவிட்டு உள்ளே பார்ப்பதுபோல் அமைந்த நீள்வடிவ ஓவியம் அது. இடப்புறத்தில் ஒருவர் முகம் கழுவுகிறார். ஒருவர் தலை வாருகிறார். நடுவில் நீண்ட மேசையைச் சுற்றி உழைப்பாளர் அமர்ந்து உண்கின்றனர். வலப்புறத்தில் சமையலறை; அங்குப் பெண்கள் அடுப்படியில் நின்று உணவு ஆக்கி எடுத்துவருகின்றனர்.

அக்காலத்தில் கதிரடிக்கும் இயந்திரம் ஒவ்வொரு பண்ணையிலும் இருக்கவில்லை. அது ஊர்ஊராகச் செல்லும். எந்தப் பண்ணைக்கு வருகிறதோ அங்கு அண்டை அயலார் அனைவரும் கூடி வேலை செய்வர். இன்று உன் களம், நாளை என் களம் என்பது முறை. வேலை செய்தவர்க்கு விருந்திடுவது அப்பண்ணை வீட்டின் கடமை.

ஓவியர் அவ்வியந்திரத்தை வரையவில்லை. அது கூட்டிவைத்த மனிதரை வரைந்தார். உண்போரின் நெற்றிகளைப் பாருங்கள். முகம் வெயிலில் சிவந்திருக்க, தொப்பி மறைத்த மேல்நெற்றி மட்டும் வெளுத்திருக்கிறது. வீட்டுக்குள் வந்தபோது தொப்பியைக் கழற்றி வைத்த அடக்கத்தின் அடையாளம் அது. இங்கே எவரும் கருவியை ஏந்தி நிற்கவில்லை. தலைவாரி, கைகழுவி, பிறருடன் தோள்சேர அமர்ந்து உண்கின்றனர். வள்ளுவர் கருதிய வேளாண்மை இந்த மேசையில் இருக்கிறது. அவ்விருந்தின் பெருமை, படத்தின் வலப்பகுதியில் நிற்கும் பெண்களின் உழைப்பையும் சார்ந்தது என்பதை ஓவியர் மறைக்கவில்லை.

களஞ்சியத்தின் முகப்பில் 1892 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அதே 1892இல் அதே அயோவா மாநிலத்தில் ஜான் ஃபிரோலிக் என்பவர் பெட்ரோலால் இயங்கும் டிராக்டர் ஒன்றை உருவாக்கினார். முன்னும் பின்னும் செல்லவல்ல முதல் டிராக்டர்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. டியர் நிறுவனம் பின்னாளில் வாங்கியதாக நான் முன்னர்க் குறிப்பிட்ட தொழிற்சாலை அவருடைய முயற்சியிலிருந்து வளர்ந்ததே. இந்த ஆண்டு ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இன்று அந்த எண்ணைக் காணும் நமக்கு, ஒரு வாழ்க்கைமுறை முழுமையுற்றிருந்த காலமும் அதன் முடிவு தொடங்கிய காலமும் ஒன்றே என்பது புலனாகிறது. கதிரை அறுத்து அங்கேயே அடித்தும் தரும் இயந்திரங்கள் பின்னர்ப் பரவின. அண்டை அயலாரை அழைக்கும் தேவை நின்றது. விருந்தும் நின்றது.

ஓவியம் சொல்லாதவை

கிராண்ட் வுட் வரைந்தவை அனைத்தும் உண்மை என்று நாம் கொள்ளல் ஆகாது. அவர் வரைந்த அயோவாவில் வறுமை இல்லை. உண்மையான அயோவாவில் 1932இல் மக்காச்சோளத்தின் விலை வீழ்ந்து, அதனை விற்பதைவிட அடுப்பெரிப்பதே இலாபம் என்னும் நிலை வந்தது. கடன் கட்ட இயலாதோரின் பண்ணைகள் ஏலம் போயின. 1933 ஏப்ரலில் லெ மார்ஸ் என்னும் ஊரில், சினமுற்ற உழவர் கூட்டம் ஒரு நீதிபதியை நீதிமன்றத்திலிருந்து இழுத்துச்சென்று கழுத்தில் கயிற்றை மாட்டிக் கொன்றுவிடவும் துணிந்தது. நிலத்தை இழந்தால் தம்மையே இழந்துவிடுவோம் என்று அஞ்சிய ஆண்களின் சினம் அது. கிராண்ட் வுட்டின் வட்டக் குன்றுகளிலும் மென்பசும் வயல்களிலும் அச்சினத்தின் நிழலும் இல்லை.

ஆடை களைந்த நிலம்

அவர் சொல்லாததை, தெற்குச் சமவெளியில் வாழ்ந்த மற்றோர் ஓவியர் சொன்னார். அவர் பெயர் அலெக்சாண்டர் ஹோக். 1898இல் பிறந்து டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்தவர். முதல் உலகப்போரின்போது கோதுமை விலை உயர்ந்தது. தெற்குச் சமவெளியின் புல்வெளிகள் டிராக்டர்களாலும் வட்டத்தட்டுக் கலப்பைகளாலும் விரைந்து உழப்பட்டன. மண்ணைப் பிணித்திருந்த புல்வேர்கள் அறுபட்டன. பின்னர் விலை வீழ்ந்தது. 1930களின் தொடக்கத்தில் மழையும் பொய்த்தது. காப்பற்ற மண் காற்றில் பறந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புழுதிப்புயல் பகலை இரவாக்கியது. மக்கள் அந்நாளைக் கறுப்பு ஞாயிறு என்றனர்.

மறு ஆண்டு ஹோக் வரைந்த ஓவியம், மண்ணரிப்பு வரிசையில் இரண்டாவது. ஆடை களையப்பட்ட நிலமகள் என்பது அதன் துணைத்தலைப்பு. அரிக்கப்பட்ட மேடுபள்ளங்களை உற்றுநோக்கினால் ஒரு பெண்ணின் உடல் கிடப்பது தெரியும். பின்னால் கைவிடப்பட்ட பண்ணை வீடு. முன்னிலையில் ஒரு கலப்பை, ஆளின்றி நிற்கிறது.

கிராண்ட் வுட் வரைந்ததும் ஆளில்லாக் கலப்பை. ஹோக் வரைந்ததும் ஆளில்லாக் கலப்பை. இடையே ஐந்தே ஆண்டுகள். முன்னதில் உழவர் இப்பொழுதே திரும்பி வந்து மேழியைப் பிடிப்பார் என்று தோன்றுகிறது. பின்னதில், செய்யத்தகாததைச் செய்துவிட்டு அவர் ஓடிப்போய்விட்டார் என்று தோன்றுகிறது. அடக்கி ஆளும் ஆண்மை எல்லை கடந்தால் என்னாகும் என்பதை ஹோக்கின் கலப்பை காட்டுகிறது. இயந்திரம் அந்த ஆண்மைக்கு அளவற்ற ஆற்றலைக் கொடுத்தது. எங்கே நிறுத்துவது என்பதைக் கற்பிக்கவில்லை.

நிலத்தைப் பெண்ணாகக் காண்பது தமிழர்க்கும் புதிதன்று. உழவு அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவரும் அவ்வாறே காண்கிறார். நாள்தோறும் சென்று பாராத உரிமையாளனோடு நிலம் மனைவியைப்போல் ஊடும் என்கிறார். ஒன்றுமில்லை என்று சோம்பியிருப்பவரைக் கண்டு நிலமகள் நகைப்பாள் என்கிறார். அவருடைய நிலமகள் ஊடவும் நகைக்கவும் வல்லவள். அவளுக்கென்று ஒரு குரல் இருக்கிறது. ஹோக்கின் நிலமகளுக்கு அக்குரல் இல்லை, அவள் கிடக்கிறாள். உழவன் நிலத்தின் குரலுக்குச் செவிசாய்த்த காலம் போய்விட்டது என்பதே அவ்வோவியத்தின் துயரம்.

நம் அருகில்

இவை தொலைதூர நாட்டின் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. மலேசியாவின் கெடா மாநிலத்து மூடா நெல்வயல்களில் 1970களில் இருபோகச் சாகுபடி வந்தது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் பரவின. அவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அறிஞர் 1985இல் வெளியிட்ட நூலில், கதிர் அறுத்தும் அடித்தும் பிழைத்த ஏழை ஆண்களும் பெண்களும் அவ்வியந்திரங்களால் கூலி இழந்ததைப் பதிவுசெய்திருக்கிறார். அவர்கள் முறையிட்டது கூலியைப் பற்றி மட்டுமன்று. வசதியுள்ளோர் முன்போல் விருந்துக்கு அழைப்பதில்லை, கொடுப்பதில்லை என்பதும் அவர்கள் முறையீடு. அயோவாவின் கதிரடிப்போர் மேசையும் கெடாவின் விருந்தும் ஒரே காரணத்தால் சுருங்கின. ஒருவர்க்கு ஒருவர் தேவைப்படாதபோது, பிறர்க்கு உதவும் ஆண்மைக்கு இடம் குறைகிறது.

மேலும் ஒன்று. கருவி என்றவுடன் ஆணின் கையை நினைப்பது அவ்வோவியங்களின் வழக்கம். நம் ரப்பர்த் தோட்டங்களின் வரலாறு அதனை ஏற்காது. விடியுமுன் எழுந்து, பால்வெட்டுக் கத்தியை ஏந்தி, மரத்துக்கு மரம் நடந்தவர்களுள் நம் பாட்டிமாரும் இருந்தனர். அளவோடு வெட்டி மரத்தைக் காத்த அவர்கள் கையின் திறத்துக்கு ஆண்மை என்று பெயரிட நாம் தயங்குவோம். ஆனால் ஆளும் தன்மை, பேணி நடத்தும் தன்மை என்னும் அதன் பொருளைக் கொண்டால், அப்பெயர் அவர்களுக்கும் பொருந்தும்.

அவையோரே, மேழி, கொழு, நுகம், சால் என்னும் சொற்கள் இன்று அகராதியில் மட்டும் வாழும் நிலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குரிய கருவிகளை மீண்டும் வயலுக்குக் கொண்டுவர இயலாது. அவ்வுழைப்பின் கடுமையை அறிந்தவர் எவரும் அதனை விரும்பவும் மாட்டார். ஆயினும் வேளாண்மை என்னும் சொல் நம்மிடம் இன்னும் வழக்கில் உள்ளது. உதவுதல் என்னும் அதன் பழம்பொருளை நம் மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்போமானால், நம் பிள்ளைகள், குறிப்பாக ஆண்பிள்ளைகள், தம் பெருமையை எதில் தேடுவது என்பதற்கு ஒரு வழிகாட்டுதல் கிடைக்கும். கிராண்ட் வுட்டின் ஓவியங்களுள் கவைக்கோல் ஏந்தி நிற்பவரை உலகம் அறியும். தொப்பியைக் கழற்றிவிட்டு அயலாரோடு அமர்ந்து உண்ணும் அந்த உழவரையும் அது அறிதல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.